நிலக்கடலையைக் கொளுத்தி அதன் ஆற்றலை அளப்பது எப்படி?

உணவுப் பொட்டலங்களின் பின்புறத்தில், 100 கிராமுக்கு இத்தனை கிலோகலோரி என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதைக் கையால் செய்து பார்த்துப் புரிந்துகொள்ள நினைப்பவர்களுக்காக எழுதப்பட்டது இந்தக் கட்டுரை. செய்யப்போகும் வேலை எளியது. ஒரு நிலக்கடலையை எடைபோட்டுக் கொளுத்துகிறோம். எரியும்போது வெளிவரும் வெப்பத்தைக் கொண்டு அளந்தெடுத்த தண்ணீரைச் சூடாக்குகிறோம். தண்ணீரின் வெப்பநிலை எவ்வளவு உயர்ந்தது என்பதிலிருந்து கடலையில் இருந்த ஆற்றலைக் கணக்கிடுகிறோம். முழு வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குக் கிடைக்கும் எண், பொட்டலத்தில் உள்ள எண்ணில் பாதியைக்கூட எட்டாமல் போகலாம். மூன்றில் ஒரு பங்காக இருந்தாலும் வியப்பில்லை. பலர் இந்த இடத்தில் சோதனை தோற்றுவிட்டதாக எண்ணிப் பொருள்களை எடுத்து வைத்துவிடுகிறார்கள். என் பார்வையில், உண்மையான பாடம் அங்கேதான் தொடங்குகிறது. வராமல் போன வெப்பம் எந்தெந்த வழியாக வெளியேறியது என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கணக்கில் கொண்டுவருவதுதான் வெப்ப அளவீட்டின் உயிர்நாடி. ஆகவே செய்முறையைவிட அந்தத் தேடலுக்கே இக்கட்டுரையில் கூடுதல் இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

எரிப்பதற்கும் உண்பதற்கும் என்ன தொடர்பு?

உணவைக் கொளுத்தி அளப்பது, உடலில் அது தரும் ஆற்றலைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்ற ஐயம் எழுவது இயல்பே. இதற்கான விடையைத் தேடி, 1782-83 குளிர்காலத்தில் பிரெஞ்சு அறிவியலாளர்கள் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகியது என்று அளந்தார்கள். அது வெளிவிட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவையும், அதே அளவு வாயு உண்டாகும்படி கரியை எரித்தால் கிடைக்கும் வெப்பத்தையும் ஒப்பிட்டு, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் ஓர் எரிதலே என்ற முடிவுக்கு வந்தார்கள். எரியும் கடலையும் செரிக்கும் கடலையும் ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராகவுமே மாறுகின்றன. தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருக்கும்போது, இடையில் எந்த வழியாகச் சென்றாலும் வெளிப்படும் மொத்த ஆற்றல் மாறாது. இதனால்தான் தீயில் அளந்த எண் உடலுக்கும் பொருந்துகிறது. எந்த அளவுக்குப் பொருந்துகிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

அலகுகளை இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. 1 கிராம் தண்ணீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் 1 கலோரி, அது 4.184 ஜூலுக்குச் சமம். உணவைப் பற்றிப் பேசும்போது நாம் கலோரி என்று சொல்வது பெரும்பாலும் கிலோகலோரியை, அதாவது இதைப்போல் ஆயிரம் மடங்கை. கணக்கு ஆயிரம் மடங்கு பிழையாக வந்தால், முதலில் இந்த இடத்தைத்தான் சரிபார்க்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

தண்ணீரை ஏந்த ஒரு சிறிய உலோகக் குவளை வேண்டும். குளிர்பானம் அடைத்து வரும் மெல்லிய அலுமினியக் குப்பி இதற்கு மிகப் பொருத்தம். அதன் சுவர் மெல்லியது என்பதால் தானே விழுங்கிக்கொள்ளும் வெப்பம் குறைவு. குப்பியின் வெளிப்புறத்தில் பூசியிருக்கும் வண்ணம் தீயில் கருகிப் புகை தரும் என்பதால், அடிப்பகுதியையும் அதை ஒட்டிய ஓரங்களையும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். கண்ணாடிக் குவளையை நான் பரிந்துரைக்க மாட்டேன். கண்ணாடி வெப்பத்தை மெதுவாகக் கடத்துவதோடு, சமச்சீரற்ற சூட்டில் விரிசல் விடவும் கூடும்.

வெப்பநிலைமானி ஒன்று தேவை. 0 முதல் 100 டிகிரி வரை காட்டும், அரை டிகிரியாவது பிரித்துப் படிக்கக்கூடிய ஆல்கஹால் வெப்பநிலைமானியோ மின்னணு வெப்பநிலைமானியோ போதும். காய்ச்சல் பார்க்கும் மானி பயன்படாது. அது 42 டிகிரி அளவிலேயே நின்றுவிடும். தண்ணீரை அளக்க 50 அல்லது 100 மில்லிலிட்டர் அளவுச் சாடி வேண்டும். ஊசியற்ற மருத்துவப் பீச்சாங்குழலும் இதற்கு நன்றாகவே உதவும்.

தராசைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சோதனையின் தரம் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமைகிறது. ஒரு கடலைப்பருப்பின் நிறை அரை கிராம் முதல் ஒரு கிராம் வரைதான் இருக்கும். ஒரு கிராம் வரை மட்டுமே பிரித்துக் காட்டும் சமையலறைத் தராசில் அதை வைத்தால், 0 அல்லது 1 என்றுதான் காட்டும். 0.1 கிராம் பிரித்துக் காட்டும் தராசிலும், எரிப்பதற்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை என்று இரண்டு எடைகளிலும் பிழை சேர்ந்து, கணக்கில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஐயம் புகுந்துவிடும். 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசு கிடைத்தால் ஐயம் நூற்றுக்கு நான்கு என்ற அளவுக்குச் சுருங்கும். அது கிடைக்காதவர்கள், பத்துக் கடலைகளை ஒன்றாக எடைபோட்டுப் பத்தால் வகுத்துச் சராசரி எடுக்கலாம். கடலைகளை ஒத்த அளவுடையவையாகப் பொறுக்கி எடுத்தால் இது ஓரளவு கைகொடுக்கும்.

கடலையைத் தாங்க, பெரிய காகிதக் கவ்வி ஒன்றை வளைத்து நிறுத்துங்கள். கம்பியின் ஒரு பகுதி மேசையில் படிந்து அடித்தளமாகவும், மறு முனை மேல்நோக்கி நிமிர்ந்தும் இருக்க வேண்டும். அந்த முனையில் கடலையைச் செருகலாம். தக்கையில் குத்திய குண்டூசியைச் சிலர் பயன்படுத்துவதுண்டு. ஆனால் தக்கையும் சேர்ந்து கருகினால் அதன் வெப்பமும் கணக்கில் நுழைந்துவிடும் என்பதால், முழுவதும் உலோகமாக இருப்பதே நேர்த்தி. தாங்கியின் அடியில் ஓர் அலுமினியத் தாளை விரித்துவையுங்கள். உதிரும் கரித்துகள்களையும் பின்னால் எடைபோட வேண்டியிருக்கும்.

கடைசியாக, காற்றுத் தடுப்பு. இரண்டு பக்கமும் திறந்த ஒரு பெரிய தகர டப்பாவை நிறுத்தி, அதன் அடிப்பகுதியில் காற்று நுழைய விரல் நுழையும் அளவில் நான்கைந்து துளைகள் இட்டால் போதும். குவளையை அந்த டப்பாவுக்குள் தொங்கவிட, குவளையின் மேல் ஓரத்தில் எதிரெதிராக இரு துளைகள் இட்டு, அவற்றின் ஊடே ஒரு நீண்ட கம்பியைச் செலுத்துங்கள். கம்பியின் இரு முனைகளும் டப்பாவின் விளிம்பில் அமர்ந்துகொள்ளும். கடலையை உள்ளே வைக்க, டப்பாவின் ஒரு பக்கத்தில் கீழிருந்து வாசல் போல ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். வெட்டிய விளிம்புகள் கையைக் கிழிக்கும் என்பதால் அவற்றை மடக்கித் தட்டிவிட வேண்டும். இந்தத் தடுப்பு இல்லாமலும் சோதனையைச் செய்யலாம். ஆனால் சிறு காற்று அசைவுக்கும் சுடர் சாய்ந்து, குவளையை விட்டு விலகிவிடும்.

தீயைத் தொடுமுன்

மாணவர்கள் இதைப் பெரியவர் ஒருவரின் நேரடிக் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டும். கண்காப்புக் கண்ணாடி அணிந்து, தலைமுடியைக் கட்டி, தொங்கும் ஆடைகளைச் செருகிக்கொள்ளுங்கள். கடலையின் புகை எரிச்சல் தரும். ஆகவே சன்னல் திறந்த அறையில், ஆனால் நேரடிக் காற்று வீசாத மூலையில் மேசையை அமைத்துக்கொள்ளுங்கள். அணைக்க வேண்டிய நிலை வந்தால் கவிழ்த்து மூட ஓர் உலோக மூடியும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

நிலக்கடலை, பாதாம், முந்திரி போன்றவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் அந்த அறையில் இருந்தால், இவற்றைத் தொடவே வேண்டாம். உலர்ந்த ரொட்டியோ உருளைக்கிழங்கு வறுவலோ போதும். குவளையின் வாயை எக்காரணம் கொண்டும் இறுக மூடக் கூடாது. மூடிய கலத்தில் நீராவியின் அழுத்தம் ஏறினால் அது வெடிக்கும். சமையல் எண்ணெயை இதே முறையில் எரித்துப் பார்க்கும் ஆசை சிலருக்கு வரும். அது வேண்டாம்; சிந்தும் எண்ணெய் தீயோடு சேர்ந்தே பரவும், அதன்மேல் தண்ணீர் ஊற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும். சோதனைக்கு எடுத்த உணவில் மீந்ததையும் உண்ணாதீர்கள்.

செய்முறை

முதலில் குவளையில் 50 மில்லிலிட்டர் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். 1 மில்லிலிட்டர் தண்ணீர் 1 கிராம் என்று கொள்வதால், இது 50 கிராம். தண்ணீர் இதைவிடக் குறைந்தால் கொதிநிலையை நெருங்கி, வெப்பத்தின் ஒரு பகுதி வெப்பநிலையை உயர்த்தாமல் ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். மிகவும் கூடினால் உயர்வு சிறிதாகி, அதைத் துல்லியமாகப் படிக்க முடியாது. 15 முதல் 30 டிகிரி வரை உயர்வு கிடைக்கும்படி தண்ணீரின் அளவை அமைத்துக்கொள்வது நல்ல வழக்கம்.

வெப்பநிலைமானியின் குமிழ் தண்ணீரின் நடுவில் இருக்கட்டும். குவளையின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் அது தண்ணீரின் வெப்பநிலையைக் காட்டாமல், சுடர் நேரடியாகத் தாக்கும் உலோகத்தின் வெப்பநிலையைக் காட்டும். மானியில் திரவம் நிலைத்து நின்ற பிறகு தொடக்க வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, கடலையைக் கம்பியில் செருகுங்கள். கடலை, கம்பி, அடியில் உள்ள தாள் ஆகிய மூன்றையும் சேர்த்து எடைபோடுவதே சரியான முறை. எரிந்த பிறகும் மூன்றையும் சேர்த்தே எடைபோட்டால், குறைந்த நிறை முழுவதும் கடலையிலிருந்து போனதே என்று ஐயமின்றிச் சொல்லலாம். கடலையைச் செருகும்போது அவசரப்பட்டால் இரண்டாகப் பிளந்துவிடும். கம்பி முனையை மெல்லத் திருகித் திருகி உள்ளே செலுத்த வேண்டும்.

கடலையைக் குவளையின் அடியில் வைத்துக் கொளுத்தாதீர்கள். சற்றுத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். அடியில் வைத்தே கொளுத்தினால் தீமூட்டியின் வெப்பமும் தண்ணீருக்குள் சென்று, கடலை தராத ஆற்றலைக் கடலையின் கணக்கில் எழுதிவிடும். நீண்ட தீமூட்டியின் சுடரைக் கடலையின் கீழ்ப்பக்கத்தில் பிடித்தால், முதலில் அதன் மேற்பரப்பு பளபளக்கும், பிறகு சிறு குமிழிகள் எழும்பும், சில நொடிகளில் எண்ணெய் கசிந்து நெருப்பைப் பற்றிக்கொள்ளும். சுடர் தானாக நிற்கத் தொடங்கிய அந்த நொடியிலேயே தாங்கியை நகர்த்திக் குவளையின் அடியில் வைத்துவிடுங்கள். கடலையின் மேற்பரப்புக்கும் குவளைக்கும் இடையே இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால், சுடரின் நுனி அடித்தகட்டைத் தொட்டு விரியும். அதைவிட நெருங்கினால் குளிர்ந்த உலோகம் சுடரை அணைத்து, எரியாத கரியாக மாற்றிவிடும். விலகினால் சூடான காற்று பக்கவாட்டில் தப்பிவிடும்.

கடலை எரியும்போது தண்ணீரை ஒரு கம்பியால் மெதுவாகக் கலக்கிக்கொண்டே இருங்கள். பாதியில் அணைந்துவிட்டால், வெளியே எடுத்து மீண்டும் கொளுத்தி உடனே திரும்ப வைக்கலாம். முழுவதும் அணைந்த பிறகும் மானியிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். சூடான குவளையிலிருந்து வெப்பம் இன்னும் தண்ணீருக்குள் ஏறிக்கொண்டிருக்கும் என்பதால், வெப்பநிலை சிறிது நேரம் உயர்ந்து, ஓர் உச்சத்தைத் தொட்டு, பிறகே இறங்கும். குறிக்க வேண்டியது அந்த உச்சத்தை. ஆறிய பின் கம்பி, தாள், மிஞ்சிய கரி ஆகியவற்றை எடைபோட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இதையே குறைந்தது மூன்று கடலைகளுக்குச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் குவளையின் அடியில் படிந்த புகைக்கரியைத் துடைத்துவிட்டு, புதிய தண்ணீரை ஊற்றித் தொடங்குங்கள்.

கணக்கு

வெப்பம் (கலோரி) = தண்ணீரின் நிறை (கிராம்) × வெப்பநிலை உயர்வு (டிகிரி செல்சியஸ்)

ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் போட்டுப் பார்ப்போம். தண்ணீர் 50 கிராம். தொடக்க வெப்பநிலை 27 டிகிரி. உச்ச வெப்பநிலை 47 டிகிரி. உயர்வு 20 டிகிரி. ஆகவே தண்ணீர் பெற்ற வெப்பம் 50 × 20 = 1000 கலோரி, அதாவது 1 கிலோகலோரி. கடலையின் நிறை எரியுமுன் 0.60 கிராம், எரிந்தபின் மிஞ்சிய கரி 0.08 கிராம் என்றால், எரிந்தது 0.52 கிராம். 1 கிலோகலோரியை 0.52-ஆல் வகுத்தால், கிராமுக்கு ஏறத்தாழ 1.92 கிலோகலோரி கிடைக்கிறது. கிலோஜூலில் சொல்வதானால் சுமார் 8.

ஊட்டச்சத்து அட்டவணைகள் வறுக்காத நிலக்கடலைக்கு 100 கிராமுக்குச் சுமார் 567 கிலோகலோரி, அதாவது கிராமுக்கு 5.67 என்கின்றன. நமக்குக் கிடைத்ததோ அதில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதல். 0.52 கிராம் கடலையின் வெப்பம் முழுவதும் தண்ணீருக்குள் சென்றிருந்தால், 27 டிகிரியில் இருந்த தண்ணீர் 86 டிகிரிவரை ஏறியிருக்க வேண்டும். மீதி 39 டிகிரிக்கான வெப்பம் எங்கே போயிற்று?

வராத வெப்பத்தைத் தேடுதல்

பெரும்பகுதி, குவளையைச் சுற்றி மேலேறிப் போன சூடான வாயுக்களோடு வெளியேறியது. எரியும்போது குவளையின் பக்கவாட்டில், ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைக் காட்டினால் அந்த வெப்பத்தை உணரலாம். சுடரின் ஒளியாகவும் கதிர்வீச்சாகவும் நாற்புறமும் சிதறியது இன்னொரு பகுதி. காற்றுத் தடுப்பு குறைப்பது இந்த இரண்டையும்தான். தடுப்போடு ஒரு முறை, தடுப்பின்றி ஒரு முறை என்று செய்து ஒப்பிட்டுப் பாருங்கள். எவ்வளவு விளக்கினாலும் அந்த இரண்டு எண்கள் சொல்வதைப்போல் வராது.

குவளை விழுங்கிய வெப்பத்தைத் துல்லியமாகவே கணக்கிடலாம். 14 கிராம் எடையுள்ள அலுமினியக் குப்பியை எடுத்துக்கொண்டால், அலுமினியத்தின் தன்வெப்ப ஏற்புத்திறன், அதாவது அதன் 1 கிராமை 1 டிகிரி உயர்த்தத் தேவைப்படும் வெப்பம், 0.215 கலோரி என்பதால், 20 டிகிரி உயர்வுக்கு அது 14 × 0.215 × 20, அதாவது சுமார் 60 கலோரியை எடுத்துக்கொண்டிருக்கும். நம் 1000 கலோரியோடு இதையும் கூட்ட வேண்டும். இது பெரிய திருத்தம் அல்ல. ஆனால் கனமான இரும்புப் பாத்திரத்தைப் பயன்படுத்தியிருந்தால் இதே திருத்தம் பல மடங்காகியிருக்கும். மெல்லிய குப்பியை வலியுறுத்தியதற்குக் காரணம் இதுவே.

புகைக்கரியை எவரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கு அது மிகவும் பிடித்த தடயம். குவளையின் அடியில் படியும் கறுப்பு, எரிந்து முடிந்ததன் எச்சம் அல்ல. எரியாமலே தப்பித்த எரிபொருள். தூய கார்பனின் எரிதல் வெப்பம் கிராமுக்கு சுமார் 7.8 கிலோகலோரி. ஆகவே 0.02 கிராம் கரி படிந்திருந்தால்கூட, ஏறத்தாழ 160 கலோரி அதில் அப்படியே தங்கியிருக்கிறது. குவளையை எரிப்பதற்கு முன்னும் பின்னும், காலியாகவும் உலர்ந்தும் எடைபோட்டால் இந்த அளவை நீங்களே கண்டுகொள்ளலாம்.

கம்பியில் மிஞ்சிய கரியிலும் இதே சிக்கல் மறைந்திருக்கிறது. 0.60-இலிருந்து 0.08-ஐக் கழித்தபோது, மிஞ்சியது எரியாத கடலை என்று நாம் கருதிக்கொண்டோம். உண்மையில் அது கடலை அல்ல. எளிதில் ஆவியாகும் பகுதிகள் வெளியேறிய பின் நின்ற, கார்பன் செறிந்த கரி. கிராமுக்கு கிராம் ஒப்பிட்டால், கடலையைவிட அதில் ஆற்றல் கூடுதல். 0.08 கிராம் கடலை என்று எண்ணி நாம் விட்டுக்கொடுத்தது சுமார் 0.45 கிலோகலோரி, அது முழுவதும் கார்பனாக இருந்தால் உண்மையில் எரியாமல் நின்றது 0.62 கிலோகலோரி வரை. ஆகையால் கடலை முடிந்தவரை முழுமையாக எரியும்படி பார்த்துக்கொள்வது, பின்னால் எவ்வளவு கவனமாகக் கழித்தாலும் கிடைக்காத துல்லியத்தைத் தரும்.

இன்னொன்று, தண்ணீர் சூடாகிக்கொண்டிருக்கும்போதே அது அறைக்கு இழக்கும் வெப்பம். இதை மதிப்பிட, உச்சத்தைத் தொட்ட பிறகு நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நிமிடத்துக்கு அரை டிகிரி வீதம் இறங்குகிறது, கடலை இரண்டு நிமிடம் எரிந்தது என்று வைத்துக்கொண்டால், எரிதலின் தொடக்கத்தில் தண்ணீர் குளிர்ந்திருந்ததால் இழப்பு குறைவு, முடிவில் அதிகம் என்பதைக் கருதி, சராசரியாக அரை டிகிரியை உயர்வோடு கூட்டலாம். கூட்டாமலே இந்தப் பிழையை ஒழிக்கும் நுட்பமும் ஒன்று உண்டு. எதிர்பார்க்கும் உயர்வு 20 டிகிரி என்றால், அறை வெப்பநிலையைவிட 10 டிகிரி குளிர்ந்த தண்ணீரில் தொடங்குங்கள். முதல் பாதியில் அறை தண்ணீருக்கு வெப்பம் தரும், இரண்டாம் பாதியில் தண்ணீர் அறைக்குத் தரும். இரண்டும் ஏறத்தாழ ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும்.

மெழுகுவர்த்தியால் திருத்துதல்

இழப்புகளை ஒவ்வொன்றாகக் கணக்கிடுவதற்குப் பதிலாக, ஆற்றல் முன்பே தெரிந்த ஒரு பொருளை அதே அமைப்பில் எரித்து, மொத்த இழப்பை ஒரே எண்ணாகப் பெறலாம். ஆய்வகங்களும் இதையே செய்கின்றன. அங்கு உள்ள பாம் கலோரிமீட்டரில், உணவை ஒரு தடித்த எஃகுக் கலத்துக்குள் வைத்து, சுமார் 30 வளிமண்டல அழுத்தத்தில் தூய ஆக்சிஜனை நிரப்பி, மின்கம்பியால் பற்றவைக்கிறார்கள். கலம் முழுவதும் தண்ணீரில் மூழ்கியிருப்பதால் சூடான வாயு தப்பிக்க வழியில்லை. ஆக்சிஜன் மிகுந்திருப்பதால் கரியும் மிஞ்சுவதில்லை. அத்தகைய கருவியையும் கிராமுக்கு 26.43 கிலோஜூல் தரும் பென்சாயிக் அமிலத்தை எரித்துத் தரப்படுத்திய பிறகே நம்புகிறார்கள்.

நமக்கு மெழுகுவர்த்தி போதும். பாரஃபின் மெழுகின் எரிதல் வெப்பம் கிராமுக்குச் சுமார் 46 கிலோஜூல். சிறிய மெழுகுவர்த்தியை எடைபோட்டு, தள்ளி வைத்து ஏற்றி, கடலை இருந்த அதே உயரத்தில் வைத்து, 50 மில்லிலிட்டர் தண்ணீரைச் சூடாக்குங்கள். உயர்வு 20 டிகிரியைத் தாண்டியதும் அணைத்து, உச்சத்தைக் குறித்து, மெழுகுவர்த்தியை மீண்டும் எடைபோடுங்கள். 0.25 கிராம் எரிந்து 22 டிகிரி உயர்ந்ததாகக் கொள்வோம். மெழுகு தந்தது 0.25 × 46 = 11.5 கிலோஜூல், அதாவது சுமார் 2750 கலோரி; தண்ணீர் பெற்றது 50 × 22 = 1100 கலோரி. நூற்றுக்கு நாற்பது பங்கு வெப்பமே தண்ணீரை அடைகிறது என்று பொருள். கடலைக்குக் கிடைத்த 1.92-ஐ 0.40-ஆல் வகுத்தால் கிராமுக்கு 4.8 கிலோகலோரி வருகிறது. 5.67-க்கு இது எவ்வளவோ நெருக்கம்.

இரண்டு அளவீடுகளிலும் குவளையின் வெப்பத்தைத் தனியாகக் கூட்டாமல் விட்டதால், அந்த இழப்பும் இந்த நாற்பதுக்குள் அடங்கிவிட்டது. மறுபடியும் கூட்டினால் இரண்டு முறை கணக்கிட்டதாகும். எஞ்சிய இடைவெளிக்கும் காரணம் உண்டு. மெழுகுவர்த்தியின் சுடர் சீரானது, கரி குறைவாக விடுவது. கடலையின் சுடர் பெரிதாகி, சிறிதாகி, கரி கக்கி எரிவது. கடலையின் உண்மையான பயனுறு பங்கு நாற்பதைவிடச் சற்றுக் குறைவாகவே இருந்திருக்கும்.

வேறு எந்த உணவுகளை எரிக்கலாம்?

பாதாம், முந்திரி, வால்நட் ஆகியவை கடலையைப் போலவே நன்றாக எரியும். உருளைக்கிழங்கு வறுவலும் எளிதில் பற்றிக்கொள்ளும். இவை எல்லாவற்றிலும் கொழுப்பு மிகுதி என்பதே காரணம். ரொட்டி அப்படியே பற்றாது. அதன் நிறையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்கவே 540 கலோரி செலவாகும். எனவே எடைபோட்ட துண்டை மிதமான சூட்டில் நன்கு உலர்த்தி மீண்டும் எடைபோட்டு, உலர்ந்த ரொட்டிக்குக் கிடைத்த எண்ணைப் பழைய நிறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். சர்க்கரை உருகி வழிந்து கருகுமே தவிர சுடர்விட்டு நிற்காது. புதியவர்கள் அதைத் தவிர்க்கலாம். பழங்களும் காய்களும் நீர் மிகுந்தவை என்பதால் இந்த எளிய அமைப்புக்கு ஒத்துவராது.

பொட்டலத்தில் உள்ள எண்

உங்கள் அமைப்பு இழப்பே இல்லாததாக இருந்தாலும், கிடைக்கும் எண் பொட்டலத்தில் உள்ளதோடு சரியாகப் பொருந்தாது. அதைவிடக் கூடுதலாகவே இருக்கும். பொட்டலத்தில் உள்ள எண் பெரும்பாலும் எரித்து அளந்தது அல்ல. அமெரிக்க வேதியியலாளர் வில்பர் ஆட்வாட்டர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்த மதிப்புகளின்படி, மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 கிலோகலோரி என்று பெருக்கிக் கூட்டியதே அது. ஆட்வாட்டர் உணவை எரித்து அளந்ததோடு நிற்கவில்லை. மனிதர்களின் கழிவில் வெளியேறிய பகுதியையும் எரித்து அளந்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டையே உடல் பெற்றதாகக் கொண்டார். தீயில் கிராமுக்குச் சுமார் 5.65 கிலோகலோரி தரும் புரதம் உடலில் 4 மட்டுமே தருவதற்குக் காரணம், அதன் நைட்ரஜன் பெரும்பாலும் யூரியாவாக, இன்னும் எரியக்கூடிய நிலையிலேயே சிறுநீரில் வெளியேறுவதும், புரதத்தில் ஒரு பகுதி செரிக்காமல் போவதும்தான். நார்ச்சத்தும் அவ்வாறே, தீ அதை முழுவதும் எரித்துவிடும், குடலோ அதில் ஒரு சிறு பகுதியையே பயன்படுத்திக்கொள்ளும்.

இந்தப் பெருக்கல் கணக்கும் எல்லா உணவுக்கும் ஒரே மாதிரி பொருந்துவதில்லை. 2012-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள், பாதாம் உண்ட தன்னார்வலர்களின் உணவையும் கழிவையும் அளந்தபோது, 28 கிராம் பாதாமில் உடல் பெற்றது சுமார் 129 கிலோகலோரி என்று கண்டார்கள். வழக்கமான கணக்கு 170-ஐ ஒட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. பருப்பின் செல் சுவர்களுக்குள் அடைபட்ட கொழுப்பில் ஒரு பகுதி, மெல்லுதலுக்கும் செரிமானத்துக்கும் தப்பி வெளியேறிவிடுகிறது என்பதே இதற்குத் தரப்படும் விளக்கம்.

ஆகவே குறிப்பேட்டில் ஒவ்வொரு உணவுக்கும் மூன்று கட்டங்கள் வரைந்துகொள்ளுங்கள். முதலாவதில் நீங்கள் அளந்த எண்ணையும், இரண்டாவதில் மெழுகுவர்த்தியைக் கொண்டு திருத்திய எண்ணையும், மூன்றாவதில் பொட்டலத்தில் உள்ள எண்ணையும் எழுதுங்கள். தண்ணீரின் அளவு, இரு வெப்பநிலைகள், இரு நிறைகள், அறை வெப்பநிலை, சுடர் எத்தனை நிமிடம் நின்றது, எத்தனை முறை மறுபடி கொளுத்த நேர்ந்தது ஆகியவற்றை அதே வரிசையில் குறித்துவையுங்கள். அடுத்த உணவை எரிக்கும்போது உயர்வு எதிர்பாராத அளவில் இருந்தால், காரணம் அந்த உணவா அல்லது அன்றைய அமைப்பா என்று பிரித்தறிய இந்தக் குறிப்புகள் வேண்டும்.